தேய்க்கத் தேய்க்க

பத்தொன்பது வயதில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் முகத்தில் ஒரு பரு கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. பிற்பாடு என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள், என்னைக் கட்டிக்கொண்டவர் உட்பட.

1991-ஆம் வருடம். சேரப்பணஞ்சேரியிலிருந்து மறைமலை நகருக்குக் கம்பெனி வேனில் போவேன். படப்பையில் கிளம்பும் வேன் எங்கள் ஊர் மெயின் ரோட்டில் என்னை ஏற்றிக்கொண்டு, ஒரகடம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் தவம் கிடந்து, கம்பெனி வாசலில் கொண்டுபோய் இறக்கும். ஒரகடத்தில் இப்போது இருக்கிற கம்பெனிகள் எதுவும் அப்போது இல்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயல், ஏரி, மறுபடியும் வயல். வேலை என்றால் மறைமலை நகர்தான்.

வண்டிகளின் கார்புரேட்டருக்குள் போகும் பித்தளைச் சாமான்கள் செய்யும் சின்னக் கம்பெனி அது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆண்கள் லேத்தில் கடைந்து தள்ளுவார்கள். எண்ணெயில் ஊறி, ஓரங்களில் பிசிறோடு அவை எங்கள் மேஜைக்கு வரும். பிசிறை நாங்கள் ‘பர்’ என்போம். மண்ணெண்ணெய்த் தட்டில் முக்கி, பிரஷ் போட்டு, எமரித் தாளில், அதாவது உப்புத்தாளில், தேய்த்து பர் எடுப்பது என் வேலை. கடைசியில் ஏர் கன்னால் காற்றடித்து ஈரத்தை ஊத வேண்டும். ஊதும்போது எண்ணெயும் மண்ணெண்ணெயும் பனி மாதிரி கிளம்பி முகத்தில் அடிக்கும். வியர்த்தால் மடியில் கிடக்கும் பனியன் வேஸ்ட் துணியை எடுத்துத் துடைத்துக்கொள்வோம். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

பங்குனி வெயிலில் நெற்றியில் நாலைந்து கிளம்பின. அம்மா பார்த்துவிட்டு, “சூட்டுக் கொப்பளம்டி, போயிடும்” என்றாள். போகவில்லை. சித்திரை முடிவதற்குள் நெற்றி நிறைந்து கன்னத்துக்கு இறங்கிவிட்டது. அதோடு முகத்தில் எண்ணெய் ஊறத் தொடங்கியது. காலையில் கழுவிவிட்டு வேன் ஏறினால் ஒரகடம் வருவதற்குள் மூக்கில் விரல் வைத்தால் வழுக்கும்.

அம்மா பயத்தம் பருப்பும் கஸ்தூரி மஞ்சளும் மில்லுக்கு எடுத்துப் போனாள். “நைஸா அரைச்சிடாத, கொஞ்சம் நறநறன்னு வுடு” என்று மில்காரரிடம் சொல்லி வாங்கி வந்தாள். “நல்லா அழுத்தித் தேய்டி. தேய்ச்சாத்தான் உள்ள கீற அழுக்கு வெளிய வரும்.” காலையும் மாலையும் கிணற்றடியில் நின்று தேய்த்தேன். அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஒரு மாதம் கழித்து அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து அவள் பேசியதாக ஞாபகம் இல்லை. பேசும்போது என் காதையோ தோளையோ பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றுதான் எனக்கு நிம்மதி. மாதா கோயிலில் முக்காடு போடலாம். நெற்றியை மறைத்து, கன்னத்தை மறைத்து, முந்தானையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு பெண்கள் பக்கத்துத் தூணோரம் உட்காருவேன். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்த்துக் கும்பிடுவார்கள். அப்போது மட்டும் ஜெபப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடுவேன்.

கம்பெனியில் கிண்டலுக்குக் குறைவில்லை. “யார நெனச்சிக்கினு கீற? மூஞ்சில எழுதி ஒட்டிக்கீதே” என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லைதான். ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கேட்டால் என்ன ஆகும்?

கிண்டல் செய்யாதவள் ஒருத்திதான். அவள் மணிமங்கலத்துக்காரி. அங்கிருந்து படப்பைக்கு வந்து வேன் ஏறுவாள். என் வயதுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்‌ஷனில், வெள்ளை மேஜையில், கழுவித் துடைத்த சாமான்களை அளந்து பார்க்கும் சுத்தமான வேலை அவளுக்கு. அவள் முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. அதை அவள் ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

ஒருநாள் வேனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உன் தோலுக்கு ஏத்தது இன்னும் கெடைக்கல, அவ்ளோதான். தேடுவோம்” என்றாள். யாராவது ‘தேடுவோம்’ என்று சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

தேடினோம். அரிசிக் குருணையைத் தயிரில் ஊறவைத்துத் தேய்க்கச் சொன்னாள். கன்னம் முழுக்கச் சிவப்புக் கோடு விழுந்தது. ஆரஞ்சுத் தோலைத் தன் வீட்டு மாடியில் காயவைத்து, இடித்து, பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தாள். அது தீரும்வரை போட்டேன். சர்க்கரையும் எலுமிச்சையும் யாரோ சொன்னார்கள். அன்று வேனில் என் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, எரிச்சலில். கம்பெனியில் எண்ணெய்க் கை கழுவ மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்து டிரம்மில் வைத்திருப்பார்கள். கையில் இருக்கும் கிரீஸே போகிறதே என்று ஒரு சாப்பாட்டு வேளையில் அதையும் எடுத்து முகத்தில் தேய்த்தேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு என்னைத் தாம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மார்க்கெட் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோர். உள்ளே கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்ற அம்மாள் என்னைப் பார்த்த உடனே, “ஆயிலி ஸ்கின். பிம்பிள் வேற” என்றாள். அவள் அதைச் சாதாரணமாக, ஊர்ப் பெயர் சொல்வது மாதிரி சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. “இதுக்குன்னே ஸ்கிரப்புன்னு ஒண்ணு வந்திருக்கு. ஃபாரின்.” அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். பழப்படம் போட்ட டியூப். பிதுக்கினால் இளம்பழுப்பில் களிம்பு, அதற்குள் நறநறவென்று ஏதோ கொட்டையின் ஓட்டுப் பொடி. என்னால் வாங்க முடியாது என்றேன். “பொறந்த நாளுக்குக் குடுத்ததா வெச்சிக்கோ” என்று அவளே வாங்கி என் பையில் போட்டாள்.

மறுநாள் காலை அதைப் போட்டுக் கழுவியபோது என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மழுமழுவென்று இருந்தது. எண்ணெய் இல்லை. மாதக்கணக்கில் முகத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி. அன்றைக்கு வேனில் டிரைவரின் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். “நான் சொல்லல?” என்றாள்.

மூன்று நாள் அப்படி இருந்தது. நாலாம் நாள் தாடையோரம் வலித்தது. ஆறாம் நாள், இதுவரை பரு வராத இடமெல்லாம் வந்தது, தனித்தனியாக இல்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து, பழுத்து. தலையணையில் கன்னம் வைக்க முடியவில்லை. நான் டியூப் போடுவதைக் கூட்டினேன். காலை ஒருமுறை என்பது காலை, மாலை ஆனது. பிறகு கம்பெனி பாத்ரூமிலும் ஒருமுறை.

அவள் டியூப்பின் பின்புறத்துப் பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஏய், வாரத்துக்கு ரெண்டு வாட்டின்னு போட்டுக்கீதுடி. நீ தெனம் மூணு வாட்டி போட்டுக்கினு கீற” என்றாள்.

“வாரத்துக்கு ரெண்டு வாட்டி போட்டா எனக்கு எப்ப சரியாவும்?” என்று கேட்டேன். டியூப் தீர்ந்தது. இன்னொன்று வாங்க நானும் சொல்லவில்லை, அவளும் பேச்செடுக்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார். நல்ல மனிதர் என்றுதான் பெயர். “நாளைக்கி வெளிநாட்டுக்காரங்க லைன் பாக்க வர்றாங்கம்மா” என்றார். மிச்சத்தை என் தட்டிலிருந்த பித்தளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீ நாளைக்கி ஸ்டோர் ரூம்ல உக்காந்துக்கோ. ஸ்டாக் எண்ணி வெய்யி. தப்பா நெனச்சிக்காத. சீக்கு ஆளுங்களை வெச்சி வேலை வாங்கறோம்னு நெனச்சிடுவாங்க.”

“எனக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல சார்.”

“எனக்குத் தெரியும்மா. அவங்களுக்குத் தெரியாதுல்ல.”

மறுநாள் எல்லாரும் துவைத்த ஓவர்கோட் போட்டுக்கொண்டு லைனில் உட்கார்ந்தார்கள். நான் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். ஸ்டோர்காரரும் வெளியே போய்விட்டார், வந்தவர்களைப் பார்க்க. கதவை ஒருக்களித்து வைத்திருந்தார்கள். லேத் சத்தத்துக்கு நடுவே யாரோ இங்கிலீஷில் விளக்குவதும், சிரிப்பதும், செருப்புச் சத்தம் எங்கள் மேஜைப் பக்கம் வந்து நிற்பதும் கேட்டது. என் நாற்காலியில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அலமாரியில் எமரித் தாள்கள் நம்பர் வாரியாக அடுக்கியிருந்தன. ஜீரோ என்பது இருப்பதிலேயே மெல்லியது. தொட்டால் துணி மாதிரி இருக்கும். பித்தளையில் ஜீரோ போட்டால் பர் இருந்த இடமே தெரியாது. ஒரு தாளை எடுத்தேன். வேலைக்குக் கிழிப்பது போலவே நாலாகக் கிழித்தேன். தாடையில் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

முதலில் வலிக்கவே இல்லை. அதைத்தான் இன்றைக்கும் நினைத்துப் பயப்படுகிறேன். பிறகு வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் வந்திருந்தது. சூப்பர்வைசர் மேல் இல்லை, வெளிநாட்டுக்காரர்கள் மேலும் இல்லை, முகத்தின் மேல்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் இரண்டு டிபன் பாக்ஸோடு வந்தாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். டிபனைக் கீழே வைத்தாள். “இன்னாடி பண்ண? இன்னாடி பண்ணிக்கின?” என்றாள், சத்தமே இல்லாமல். என் கையை விரித்து, தாளை எடுத்து எறிந்தாள். பாட்டில் தண்ணீரைத் தன் தாவணியில் ஊற்றி ஒற்றி எடுத்தாள்.

அன்றைக்கு வேனில் எங்கள் ஊரில் என்னோடு இறங்கி, அம்மாவிடம், “மெஷின்ல பட்டுட்ச்சி ஆன்ட்டி” என்று பொய் சொன்னாள். அம்மா நம்பினாளா தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னைச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தோல் பிரிவில் வரிசை வராந்தா வரைக்கும் நின்றது. எங்கள் முறை வந்தபோது பகல் ஒரு மணி. டாக்டர் ஒரு பெண். அக்கா வயதுதான் இருக்கும். என் முகத்தைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை. புண்ணைப் பார்த்துவிட்டு, எதனால் என்று கேட்டார். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“அதுக்கு முன்னாடி என்னென்ன தேய்ச்ச?”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மரத்தூளையும் சொன்னேன். பக்கத்தில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“கைய நீட்டு. சட்டைக் கைய மேல தூக்கு.”

தூக்கினேன். முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் கறுப்புப் புள்ளி வைத்த சின்னச் சின்னப் பருக்கள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவற்றை நான் கவனிக்கவே இல்லை.

“இங்க எத தேய்ச்ச?”

“இங்க ஒண்ணும் தேய்க்கல மேடம்.”

“அப்புறம் எப்படி வந்துச்சு? எங்க வேலை செய்யற?”

அவள் முந்திக்கொண்டு சொன்னாள், எண்ணெய், மண்ணெண்ணெய், ஏர் கன், துடைக்கிற துணி எல்லாவற்றையும். டாக்டர் தலையாட்டினார். மெஷின் எண்ணெய் தோலின் துவாரங்களை அடைத்துக்கொள்கிறது, உள்ளே கட்டிக்கொண்டு பழுக்கிறது, அதன் மேல் நான் தேய்க்கத் தேய்க்கத் தோல் கிழிந்து சீழ் பரவியிருக்கிறது என்றார். “இனிமே எதையும் தேய்க்காத. சாதா சோப்பு, பச்சைத் தண்ணி. துணியால கூட அழுத்தித் துடைக்காத. முக்கியமா அந்த இடத்தை விட்டு மாறு.”

எல்லாம் கேட்ட பிறகும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? “அப்ப என் தோலுக்கு ஏத்த ஸ்கிரப்பு எது மேடம்?”

அவர் சிரிக்கவில்லை. “எதுவும் இல்லம்மா” என்றார்.

ஆறு மாதம் தேடியது உலகத்திலேயே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெளியே அடுத்த டோக்கன் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது டாக்டர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். “இவங்களுக்கு மட்டும்னு இல்ல, அந்த எடத்துல யார் உக்காந்தாலும் வரும். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு லேட்டா” என்றார். அவளும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

சூப்பர்வைசர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “சரிம்மா, மாத்திக்கலாம். ஆனா உன் சீட்டுக்கு யாரு? கை பழகின ஆள் வேணும். யாராச்சும் மாறிக்க ஒத்துக்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல.”

“நான் மாறிக்கிறேன் சார்” என்றாள் அவள். “என் தோலு எருமைத் தோலு. எனக்கு ஒண்ணும் ஆவாது.”

டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. ‘வேண்டாம், அங்கே யார் உட்கார்ந்தாலும் வருமாம்’ என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. இந்த வாழ்க்கையில் நான் செய்த பெரிய பாவம் அதுதான், அதற்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

இன்ஸ்பெக்‌ஷனில் என் முகம் மெதுவாக ஆறத் தொடங்கியது. புதுப் பரு வருவது குறைந்து, ஐப்பசி வாக்கில் நின்றது. ஆனால் தாடையும் கன்னமும் குழி விழுந்து, எமரி பட்ட இடமெல்லாம் கறுத்து, அப்படியே தங்கிவிட்டன. அம்மை போட்ட முகமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

கார்த்திகையில் அவள் தாடையோரம் இரண்டு பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, அவள் ஏர் கன்னைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பித் திருப்பி ஊதுவதைப் பார்ப்பேன். அடுத்த வாரம் நெற்றியில். பிறகு கையில். வேனில் அவள் தாவணித் தலைப்பை எடுத்துக் காதோரம் இழுத்துவிட்டுக்கொள்ளத் தொடங்கினாள். அந்த இழுப்பு எனக்குத் தெரியாதா?

“டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க. நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும்” என்றேன் ஒருநாள். ரயில்வே கேட்டில் வேன் நின்றிருந்தது.

“நானுந்தான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். எனக்குக் காது கேக்காதா?”

“அப்புறம் ஏன்டி போன?”

“ஸ்டோர்ல உன்னப் பாத்தது நான்தான” என்றாள். கொஞ்சம் கழித்து, “எனக்கு வராதுன்னு நெனச்சேன்டி. நெசமா” என்றாள். கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது.

மறுநாளே சூப்பர்வைசரிடம் போய், என்னைப் பழைய சீட்டுக்கே மாற்றச் சொன்னேன். “ஆளாளுக்கு மூஞ்சியப் பாத்து சீட்டு மாத்திக்கினு இருந்தா லைன் ஓடுமா?” என்றார். எண்ணெய் முகத்தில் அடிக்காமல் மறைக்க ஏதாவது தட்டி வைத்துக் கொடுங்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம். மேலே சொல்கிறேன் என்றார். சொன்னாரோ என்னவோ, ஒன்றும் வரவில்லை.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை அவள் வேனில் ஏறவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அப்பா நிறுத்திவிட்டார், மாப்பிள்ளை பார்க்கிறார்கள், பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள் என்று படப்பைப் பெண் ஒருத்தி சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மணிமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். பெருமாள் கோயில் தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் அம்மா வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் யார் என்று சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“தூங்கினு கீறாம்மா” என்றார். காலை பதினோரு மணி.

வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சொம்பில் மொண்டு ஊற்றுவது, நிற்பது, பிறகு எதையோ வைத்து முகத்தைத் தேய்க்கிற சரசரப்பு, மறுபடி தண்ணீர். எனக்கு அந்தச் சத்தம் மனப்பாடம். டாக்டர் சொன்னதை என்னோடு நின்று கேட்டவள் அவள். என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி எறிந்தவள். அவளும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“தேய்க்க வேணாம்னு சொல்லுங்கம்மா” என்றேன்.

“நாங்க சொல்லாமயா கீறோம்? கேட்டாத்தான?” அவர் வாசலை மறைத்து நின்றார். “நீ வந்ததே போதும்மா, போயிட்டு வா.”

நான் தடுப்புக்குப் பக்கத்தில் போய், “ஏய், நான்தான்டி” என்றேன். சத்தம் நின்றது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மூச்சு விடுவது கூடக் கேட்டது, அவ்வளவு கிட்டத்தில் இருந்தாள். பிறகு சொம்பு தொட்டியில் இடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி நடந்தேன்.

தை கடைசியில் அவள் கல்யாணப் பத்திரிகை கம்பெனிக்கு வந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. மாப்பிள்ளை திருத்தணிப் பக்கம், அவருக்கு இவள் இரண்டாம் தாரம் என்று சொன்னார்கள். லைனில் நாலு பேர் போய் வந்தார்கள். நான் போகவில்லை. முகத்துக்கு நிறைய பவுடர் போட்டிருந்தார்கள், அவள் நன்றாகத்தான் இருந்தாள் என்று வந்து சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த சாமானை அளந்து, சரியான டிரேயில் வைத்தேன்.